தண்ணீர் குடிக்காத வண்டி

எங்கள் துறைமுக நகரமான பத்தூமியில் கார் வைத்திருப்பவன் மழையைத் திட்ட ஆரம்பித்தால் லேசில் ஓயமாட்டான். டாக்ஸி ஓட்டும் ரமாஸ் மட்டும் அந்த இலையுதிர் காலம் முழுக்க மழையை ஒரு வார்த்தை திட்டவில்லை. வாயை மூடிக்கொண்டு அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தான். மலையடிவாரத்துக் கேதா ஊருக்கு மேலே, அண்ணன் வீட்டுக்குப் போகிற மலைப்பாதையில், திராட்சை பறித்து முடிந்த பிறகு எங்கே தண்ணீர் தேங்கும், எந்த ஓடை சாலைமேல் ஏறி ஓடும் என்பதெல்லாம் அவனுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஆனால் அந்தப் பாதையில் அவன் கார் போய் வருஷக்கணக்காகிவிட்டது. அண்ணன் ஜும்பெர் அவனை வாசற்கதவுக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

துறைமுகத்துக்குப் பின்னால் தெமூரின் பட்டறை. தெமூர் நல்ல மெக்கானிக்தான், ஆனால் வாய் இருக்கிறதே, அது ஸ்பேனரைவிட வேகமாகச் சுழலும். மேசைமேல் இரண்டு காற்றுக்குழாய்களை வைத்துக்கொண்டு கல்யாணத் தரகன் மாதிரி பேசிக்கொண்டிருந்தான்.

"டேய் ரமாஸ், கண்ணத் தொறந்து பாரு. இது குழாய் இல்லடா, நகை!"

நகைதான். பளபளவென்று தேய்த்த உலோகம், முகம் பார்க்கலாம். நீளமாக வளைந்து கீழே இறங்கி, நுனியில் சிவப்பு நிற ஃபில்டர் ஒன்று பூப்போல உட்கார்ந்திருந்தது. எஞ்சினிலிருந்து பம்பருக்குப் பின்னால் கீழே இறக்கிவிட வேண்டிய சாமான்.

"கீழ குளுந்த காத்து. அதக் குடிச்சா வண்டி பறக்கும். பானட்டுக்குள்ள இருக்கற சூட்டுக் காத்தக் குடிச்சா ஆஸ்துமாக்காரன் மாதிரி இருமிட்டே ஏறும்."

"குளுந்த காத்து சரி. மூக்கு எங்க இருக்குன்னு பாத்தியா? முழங்கால் ஒசரம்கூட இல்ல. பள்ளத்துல தண்ணி நின்னா காத்தையா குடிக்கும்? தண்ணியத்தான் உறிஞ்சும்."

"அதுக்குத்தான் இவனுக்கு ரெயின்கோட்டு!" தெமூர் ஒரு கறுப்புத் துணி உறையை எடுத்து ஃபில்டருக்கு மாட்டிக் காட்டினான். "ஒரு சொட்டு உள்ள போகாது."

"சாரலுக்குத் தாங்கும். முங்கிப் போனா?"

"ஏண்டா முங்கணும்? நீ கார் வாங்கினியா, படகு வாங்கினியா?"

பட்டறையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ரமாஸ் சிரிக்கவில்லை. எஞ்சின் காற்றை நசுக்கும், தண்ணீரை அதனால் நசுக்க முடியாது. ஒரு மடக்கு உள்ளே போனால் போதும், உள்ளிருக்கும் இரும்புத் தண்டு வளைந்து, வண்டி நின்ற இடத்திலேயே உயிரை விட்டுவிடும். டாக்ஸிக்காரனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவன் மற்றதைக் கையில் எடுத்தான். கறுப்பு பிளாஸ்டிக்கில் மூடின பெட்டி. அதன் வாய் மேலே, முன்விளக்குக்கும் மேலே வந்து நிற்கும். தப்பித்தவறி தண்ணீர் புகுந்தாலும் வடிவதற்கு அடியில் ஒரு ஓட்டை. உள்ளே எண்ணெய் தடவாத உலர்ந்த ஃபில்டர், ஈரக்காற்றில் பிசுபிசுத்துப் போகாது.

"இது போதும்."

"இந்த டிபன் டப்பாவா? தூ! இத மாட்டினா ஏத்தத்துல நாலு கழுதை பலம் கொறையும். பந்தயத்துக்குப் போறவன் மாட்ற சாமானாடா இது?"

பந்தயம் என்றதும் ரமாஸ் முகம் இறுகியது. பந்தயம்தான், பொய்யில்லை. ஆனால் அதில் அவனுக்கு இருந்தது வீம்பு அல்ல.

எங்கள் பக்கத்தில் கல்யாண ஊர்வலம் பெண்ணை அழைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குத் திரும்பும்போது, ஒருவன் எல்லாரையும் முந்திக்கொண்டு வீட்டுக்கு ஓடுவான். 'பெண் வருகிறாள்' என்று சொல்லும் நற்சேதிக்காரன். முன்பு குதிரையில் போனார்கள், இப்போது காரில் போய் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். யார் முதலில் போய்ச் சேர்கிறானோ அவனுக்கு வீட்டுத் தலைவன் தன் கையால் கிண்ணத்தில் ஒயின் கொடுத்தாக வேண்டும். அவன் யார், எவர் என்று பார்க்கக்கூடாது. சேதிக்காரனை வாசலில் இருந்து திருப்பி அனுப்பினால் அந்தக் கல்யாணமே விளங்காது என்பார்கள்.

இந்த யோசனையை ரமாஸ் தலையில் போட்டவன் அண்ணன் மகன் பேகா. அவன்தான் மாப்பிள்ளை. அப்பாவுக்குத் தெரியாமல் பத்தூமிக்கு வந்து சித்தப்பாவைப் பார்த்துவிட்டுப் போகிற பையன்.

"அப்பா உங்கள அழைக்கமாட்டாரு சித்தப்பா. நானும் கேட்டுப் பாத்தேன், அம்மாவும் அழுது பாத்தாங்க. ஆனா நீங்க மொதல்ல வந்து நின்னா? கிண்ணத்த நீட்டித்தானே ஆகணும்! ஊரே பாத்துக்கிட்டிருக்கும். எப்படி மாட்டேன்னுவாரு?"

"அடப்பாவி, அப்பாவையே மடக்கப் பாக்கறியா?"

"அவரும் அதுக்குத்தான் காத்துட்டிருக்காரோ என்னவோ, யாரு கண்டா?"

அந்தக் கடைசி வார்த்தை ரமாஸ் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. இனி அதை யாராலும் எடுக்க முடியாது.

சண்டை என்ன சண்டை? சொத்துத் தகராறு இல்லை, பெண் விவகாரம் இல்லை. எல்லாம் ஒரு கார்தான். இளவயதில் ரமாஸ் ஸ்பிரிங்கை அறுத்து, தரையோடு தரையாகப் பதித்து, கடற்கரைச் சாலையில் சத்தம் போட்டுக்கொண்டு திரிந்தவன். ஒரு மழைநாள் விடியற்காலையில் அம்மாவுக்கு நெஞ்சுவலி என்று அண்ணன் ஃபோன் செய்தார். பறந்தடித்துக்கொண்டு போனான். வீட்டுக்குக் கீழே சேற்று ஏற்றத்தில் வண்டியின் வயிறு தட்டி நின்றுவிட்டது. அவன் கையால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்க, அண்ணன் அம்மாவை முதுகில் சுமந்து இறங்கி வந்தார். வண்டிக்குப் பத்தடி மேலேயே அம்மா போய்விட்டாள். அடக்கம் முடிந்ததும் ஜும்பெர் ஒன்றே ஒன்று சொன்னார்: "உன் வண்டி மேல ஏறல." அதற்குப் பிறகு பேச்சில்லை.

அந்தக் காரை அன்றே விற்றுவிட்டான். இப்போது வைத்திருப்பது வலதுபக்க ஸ்டியரிங் உள்ள உயரமான பழைய ஜப்பான் வண்டி, அழகென்று எதுவும் கிடையாது. மேலே ஏற வேண்டும், வழியில் சாகக்கூடாது, அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது. அதனால்தான் தெமூர் என்ன கத்தினாலும் டிபன் டப்பாவையே மாட்டச் சொன்னான். வாழ்க்கையில் முதல்முறையாகப் பளபளப்பைப் பார்த்து வேண்டாம் என்று சொன்னான் ஐயா! அதற்காவது அவனுக்கு ஒரு நல்லது நடந்திருக்கக் கூடாதா?

பெட்டியை மாட்டி முடிக்கிற நேரத்தில் பேகா வந்து சேர்ந்தான். மேசைமேல் கிடந்த குழாயைப் பார்த்ததும் வாயைப் பிளந்தான்.

"இது யாருக்கு?"

"யாருக்குமில்ல," என்றான் தெமூர் கடுப்பாக. "உங்க சித்தப்பாவுக்காக வரவழைச்சேன். தொரைக்குப் பிடிக்கலையாம்."

"சித்தப்பா, எனக்கு! என் வண்டிக்குக் கச்சிதமா இருக்கும். கல்யாணத்தன்னிக்கி பானட்டத் தொறந்து காட்டினேன்னா பசங்க வயிறு எரியணும்."

பேகாவின் கார் வெள்ளை நிறத்தில் தாழ்வான ஜெர்மன் வண்டி. ரமாஸ் ஒருகணம் தயங்கினான். "மழையில வேணாம்டா. உங்க ஊரு ரோடு உனக்குத் தெரியாதா?"

"பக்கத்துல பொண்ண வெச்சுக்கிட்டு பந்தயமா ஓட்டப் போறேன்? மாட்டு வண்டி மாதிரி போவேன். ரெயின்கோட்டு வேற இருக்குல்ல?"

"இருக்கு, இருக்கு," என்று தெமூர் உறையை ஆட்டிக் காட்டினான்.

ரமாஸ் ஏன் சரி என்றான்? அவனுக்கே நன்றாகத் தெரியும். அண்ணன் மகன் கல்யாணத்துக்கு அவன் ஒரு கரண்டி வாங்கிக் கொடுத்தாலும் அது குப்பைக்குத்தான் போகும். இந்தக் குழாய் பானட்டுக்குள்ளே இருக்கும், ஜும்பெரின் கண்ணில் படாது. அவன் கையால் கொடுத்த ஒரு பொருள் அந்த வீட்டு முற்றத்தில் போய் நிற்கும். ஆசை யாரை விட்டது? தெமூரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தன் கையாலேயே அதை மாட்டிக் கொடுத்தான். பேகா அவன் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டுப் போனான்.

கல்யாணத்தன்று வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மகிஞ்ஜவ்ரியில் பெண் வீட்டு வாசலில் ஆரஞ்சுத் தோட்டமே மிதந்தது. யாரும் கவலைப்படவில்லை. மழையில் வருகிற பெண் மகராசி என்று கிழவர்கள் சொல்லிக்கொண்டார்கள். மழை பெய்யாத நாளில் இங்கே எவன் கல்யாணம் செய்திருக்கிறான், சொல்லாமல் என்ன செய்வார்கள்! பெண் எலிசோ வெள்ளைப் பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பேகாவின் காரில் ஏறினாள். கண்ணாடிகளில் துணி கட்டிய கார்கள் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு கிளம்பின.

கேதா பாலம் தாண்டியதும் பந்தயக்காரர்கள் வரிசையை விட்டு வெளியே பாய்ந்தார்கள். மற்றவர்கள் வெகு சீக்கிரம் பின்தங்கிவிட்டார்கள். ஒட்டிக்கொண்டு வந்தவன் பேகாவின் சிநேகிதன் ஷல்வா மட்டும். அவனிடம் இருந்தது உயரமான ஜீப். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து உயிரை வாங்கினான். ரமாஸ் விட்டுக்கொடுக்கவில்லை. வண்டி ஏற்றத்தில் கொஞ்சம் முனகத்தான் செய்தது, தெமூர் சொன்ன கழுதைகள் குறைந்திருந்தன. ஆனால் நிற்காமல் ஏறியது.

ஊருக்குக் கீழே அந்த ஓடை. அவன் நினைத்த இடத்தில்தான் சாலைமேல் ஏறி ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் நினைத்ததைவிட அதிகமாக. பழுப்புத் தண்ணீர், சாலையின் ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. வலப்பக்கம் கிடுகிடு பள்ளம், கீழே ஆறு. ரமாஸ் முதல் கியருக்கு மாற்றி மெல்ல இறங்கினான். தண்ணீர் பம்பரைத் தொட்டது, அதற்கு மேலேயும் ஏறியது. எஞ்சின் ஒரே சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அக்கரையில் சக்கரம் கல்லைப் பிடித்ததும், "ஏறிட்டியா என் தங்கமே!" என்று ஸ்டியரிங்கைத் தட்டினான்.

தட்டிய கை அப்படியே நின்றது. பேகாவின் வண்டி. தண்ணீர் ஏறிய உயரத்தை அவன் இப்போதுதான் பார்த்திருந்தான். அந்தச் சிவப்பு ஃபில்டர் அதற்குள் முழுசாக முங்கிவிடும்.

ஃபோனை எடுத்துப் பார்த்தான். அந்தப் பள்ளத்தாக்கில் சிக்னல் என்றைக்கு இருந்தது? இறங்கி நின்று கையைக் காட்டி நிறுத்தலாம். ஊர்வலம் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். ஆனால் கண்ணாடியில் ஷல்வாவின் ஜீப் தண்ணீரில் இறங்குவது தெரிந்தது. நின்றால் அவன் முந்திக்கொள்வான், கிண்ணம் அவனுக்குப் போய்விடும். கிண்ணம் போனால் கதவும் போயிற்று. மேலே வீட்டு முற்றத்தில் சிக்னல் கிடைக்கும், ஊர்வலம் பள்ளத்தாக்குக்குள் நுழைவதற்குள் கூப்பிட்டுவிடலாம். இரண்டு வளைவுதானே! ரமாஸ் கியரைப் போட்டான். பாவி மனுஷன், போட்டான்.

சேற்று ஏற்றம் வந்தது. அம்மா போன இடம். வண்டி ஒரு தடவை வழுக்கி, பிடித்துக்கொண்டு, மேலே ஏறிவிட்டது. ரமாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

முற்றத்தில் தார்ப்பாய்க்குக் கீழே ஊரே கூடியிருந்தது. அவன் இறங்கி, வாசற்கதவின் மேல் கை வைத்து, "நற்சேதி! பொண்ணு வர்றா!" என்று கத்தினான். யாரோ வானத்தைப் பார்த்துத் துப்பாக்கியால் சுட்டார்கள். அப்புறம் வந்தவன் யாரென்று தெரிந்ததும் சத்தமெல்லாம் அடங்கியது. ஜும்பெர் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார். தாடி நரைத்துப் போயிருந்தது.

"என்ன ஜும்பெர், சேதிக்காரன மழையில நிக்க வெப்பியா?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

அண்ணி நஸிகோ ஓடிப்போய் கிண்ணத்தை நிரப்பிக்கொண்டு வந்து கணவன் கையில் திணித்தாள். அவள் ஓடி வந்த வேகத்தில் ஒயின் பாதி கீழே சிந்தியது. ஜும்பெர் படியிறங்கி வந்தார். ரமாஸ் பைக்குள் கைவிட்டு ஃபோனை வெளியே எடுத்திருந்தான். சிக்னல் இருந்தது. பேகாவின் பெயரைக்கூடத் தேடி எடுத்துவிட்டான். தலை நிமிர்ந்தபோது அண்ணன் எதிரே நின்று, இரண்டு கையாலும் கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருந்தார். அதை ஒற்றைக் கையால் வாங்க முடியாது, வாங்கவும் கூடாது.

ரமாஸ் ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினான்.

குடித்து முடித்துக் கிண்ணத்தைக் கவிழ்த்தான். ஊர் ஆரவாரம் செய்தது. ஜும்பெர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"நனஞ்சு போயிருக்கியேடா," என்றார். "உள்ள வா. அடுப்புகிட்ட உக்காரு."

அந்த ஒரு வார்த்தைக்கு அவன் எத்தனை வருஷம் ஏங்கியிருப்பான்! அடுப்புக்குப் பக்கத்தில் அம்மாவின் பழைய முக்காலி அப்படியே இருந்தது. நஸிகோ வெண்ணெயில் உருகிய பாலாடைக்கட்டியைத் தட்டோடு கொண்டுவந்து வைத்துவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த துணியால் அவன் தலையைத் துவட்டினாள். ஜும்பெர் எதிரே உட்கார்ந்தார். அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினார்.

"அந்த ஏத்தத்துல... எப்படி ஏறிச்சு வண்டி?"

"ஒசரமான வண்டிண்ணா. காத்துக் குழாயக்கூட மேல வெச்சு மாட்டியிருக்கேன். தண்ணியே குடிக்காது."

"நல்ல காரியம்," என்றார் அண்ணன். "புத்தி வந்துடுச்சு உனக்கு."

அப்போது ஷல்வா சொட்டச்சொட்ட உள்ளே வந்தான். "ஒரு வளைவுல முந்திட்டீங்களே சித்தப்பா! ஆனா கீழ ஓடை பயங்கரமா ஏறுதுங்க. என் ஜீப்பே ஆடிப்போச்சு."

ஜும்பெரின் முகம் மாறியது. தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "நீ அது வழியாதானே வந்த? பேகா வண்டி தாழ்வாச்சே. தாண்டிடுவானா?"

இதோ, இப்போதாவது சொல்லியிருக்கலாம். எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் சொன்னால் அந்தக் குழாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். மறுபடியும் பளபளப்பு, மறுபடியும் வண்டி, மறுபடியும் நீ. அண்ணனின் கை அவன் முழங்கால்மேல் இருந்தது. எப்போது வைத்தார் என்று அவனுக்கே தெரியவில்லை. அதை எடுத்துவிடுவாரே என்று பயந்தான்.

"நான் பாத்துட்டுத்தானேண்ணா வந்தேன்," என்றான். "தாண்டிடலாம். பேகா பாத்து ஓட்டுவான்."

ஜும்பெர் தலையாட்டினார். சேதிக்காரன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்?

தட்டில் இருந்தது ஆறிக்கொண்டிருந்தது. ரமாஸால் ஒரு வாய்கூட எடுத்து வைக்க முடியவில்லை. ஒன்றுக்குப் போவதாகச் சொல்லி எழுந்து, வெளியே போய்க் கூப்பிடலாம் என்று நினைத்த அதே நேரத்தில் பைக்குள் ஃபோன் அடித்தது. பேகா. சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறி வந்து, மழையின் இரைச்சலுக்கு மேலே அவன் கத்திய கத்தல் அடுப்பங்கரை முழுக்கக் கேட்டது.

"சித்தப்பா! வண்டி நடுவுல நின்னுடுச்சு! டக்குனு ஒரு சத்தம், அவ்ளோதான், செத்துப்போச்சு. கயிறு போட்டு இழுத்தாங்க எங்கள. எலிசோ கால் சிக்கிக்கிச்சு, எலும்பு வெளிய தெரியுது சித்தப்பா..." அவன் அழுதுகொண்டிருந்தான். "வண்டி ஆத்துல போயிடுச்சு. அவங்க மாமா அவளத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாரு. அந்த வீட்டுக்கு இனிமே எங்க பொண்ண அனுப்பமாட்டோம்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. அவளும் ஒண்ணும் சொல்லல. என்னத் திரும்பிக்கூடப் பாக்கல." மூச்சு வாங்கினான். "நீங்க முன்னாடியே தாண்டினீங்கல்ல? எம்புட்டுத் தண்ணின்னு பாத்தீங்கல்ல? நின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சித்தப்பா!"

நஸிகோ வாயில் அடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். ஷல்வா அவள் பின்னாலேயே ஓடினான். முற்றத்தில் யாரோ வாத்தியக்காரரை நிறுத்தச் சொன்னார்கள்.

ஜும்பெர் முழங்கால்மேலிருந்த கையை எடுத்துக்கொண்டார்.

"டக்குனு சத்தம் கேட்டு நின்னுச்சுன்னானே. ஏன் நின்னுச்சு?"

"தண்ணி குடிச்சிருக்கும்ணா."

"உன் வண்டி குடிக்கல."

"என்னுது மேல இருக்கு. அவனுது கீழ." ரமாஸ் எழுந்து நின்றான். "நான்தாண்ணா மாட்டிக் குடுத்தேன். எனக்கு வேணாம்னு விட்டத, அவனுக்குக் குடுத்தேன். ஓடையத் தாண்டினப்பவே ஞாபகம் வந்துச்சு. நின்னிருக்கணும்."

அண்ணன் அடிப்பார், கத்துவார், கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார் என்று எதிர்பார்த்தான். அப்படி ஏதாவது செய்தால் தேவலை என்றுகூட இருந்தது. ஜும்பெர் மெதுவாக எழுந்து, கவிழ்த்து வைத்திருந்த கிண்ணத்தை எடுத்து, அலமாரியில் பழைய இடத்தில் வைத்தார். கோட்டை மாட்டிக்கொண்டு கதவருகே போய் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"அம்மாவுக்கு வந்தப்ப உன் வண்டி ஏறல," என்றார். "இன்னிக்கி உன் வண்டி மட்டும் ஏறிச்சு. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்டா."

அவர் மழையில் இறங்கி ஓடையை நோக்கி நடந்தே போனார். ரமாஸ் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்க் கதவைத் திறந்து, "ஏறுங்கண்ணா" என்று கெஞ்சினான். அவர் திரும்பிப் பார்க்காமல், சேற்றில் கால் வழுக்க வழுக்க, அம்மாவைச் சுமந்து இறங்கிய அதே இடத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்.

ரமாஸ் எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கின் மேல் தலையை வைத்து அழுதான். வெகுநேரம் கழித்துச் சாவியைத் திருகினான். முதல் திருகிலேயே பிடித்துக்கொண்டது.